வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கருநாடக இசைக்கல்வி: பட்டப்படிப்பின் பகுதியாக இசைப்பயிற்சி இடம்பெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கருநாடக இசை குருவின் இல்லத்திலும், பின்னர் தமிழகத்தின் இசைக் கல்லூரிகளிலும் பயிற்றுவிக்கப்பட்டு வந்தது. 1960களில் அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டப்படிப்பில் பாடமாக இடம்பெற்றது. கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் அமைந்துள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இம்மாற்றம், பாடுவதும் வாசிப்பதும் பல்கலைக்கழக அறிவாகுமா என்னும் வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது. அம்மாற்றத்தின் காரணங்கள், அதில் பங்கேற்ற தமிழகக் கலைஞர்கள், பயிற்றுமுறை, ஆய்வேடுகள், எஞ்சிய சிக்கல்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. செயல்முறை இசைக்குப் பட்டப்படிப்பில் இடமளித்த அதே நிறுவனம், இறுதித் தகுதியை எழுத்து வடிவ ஆய்வேட்டின் வழியாகவே வழங்கியது என்பதும், அதனால் தேர்ந்த கலைஞர்களே ஆய்வு மாணவர்களாக மாற நேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கருநாடக இசை, இன இசையியல், வெஸ்லியன் பல்கலைக்கழகம், சொற்கட்டு, ஈரிசைப் புலமை, சிலப்பதிகாரம், பதம்.

முன்னுரை

இசையைக் கற்பதும் இசையைப் பற்றிக் கற்பதும் ஒன்றல்ல. முன்னது குரலுக்கும் விரலுக்கும் செவிக்கும் உரிய பயிற்சி. பின்னது வரலாறு, இலக்கணம், ஒப்பீடு ஆகியவற்றின் வழியாக எழுத்தில் நிலைபெறும் அறிவு. இவ்விரண்டையும் ஒரே பட்டப்படிப்பிற்குள் எவ்வாறு பொருத்துவது என்னும் சிக்கல் 20ஆம் நூற்றாண்டில் இசையைப் பாடமாக ஏற்ற எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது.

தமிழகத்தில் இச்சிக்கல் 1920களின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய இசைக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிச் ‘சங்கீத பூஷணம்’ என்னும் பட்டத்தை வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி வேரூன்றப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி உழைத்தார். 1931இல் செருமனியின் மியூனிக் நகருக்குச் சென்று மேலையிசை பயின்று திரும்பியவர் அவர். 1949இல் சென்னையில் அரசின் கருநாடக இசைக் கல்லூரி முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. இந்நிறுவனங்கள் யாவும் தம் மண்ணின் இசையைத் தம் மாணவர்க்குக் கற்பித்தவை. ஆங்கில மொழிச் சூழலில் பிறந்து வளர்ந்த ஒருவர், கடல் கடந்த ஓர் இசையைத் தம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பட்டத்தின் பகுதியாகப் பயில்வது வேறொரு நிலை. அந்நிலை உருவான விதத்திற்கு வெஸ்லியன் பல்கலைக்கழகம் தெளிவான சான்றாகும்.

1. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசையின் இடம்

1875இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் நோல்ஸ் பெய்ன் இசைப் பேராசிரியரானார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதல் இசைப் பேராசிரியராக அவரே குறிக்கப்பெறுகிறார். அக்காலம் தொட்டு அங்கு இசைக்கல்வி இரு கிளைகளாக வளர்ந்தது. இசைக் கருவிகளையும் குரலிசையையும் பயிற்றுவிக்கும் பணியைத் தனித்த இசைப்பள்ளிகள் ஏற்றன. பல்கலைக்கழகங்கள் வரலாறு, இசையமைப்பு, கோட்பாடு ஆகியவற்றில் கருத்தைச் செலுத்தின. 1885இல் குயிடோ ஆட்லர் இசையியலை வரலாற்று இசையியல், முறைசார் இசையியல் எனப் பகுத்து வகுத்த செருமானிய மரபு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் செல்வாக்குப் பெற்றது. 1930இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆட்டோ கிங்கெல்டி இசையியலுக்கான பேராசிரியராக அமர்ந்தபோது, ஆய்வே இசையியலின் அடையாளம் என்பது உறுதிப்பட்டது.

இவ்வமைப்பில் ஐரோப்பா சாராத இசைகளுக்கு இடம் மிகக் குறைவாகவே இருந்தது. ‘ஒப்பியல் இசையியல்’ என்னும் பெயரில் அவை ஒலிப்பதிவுகளாகத் திரட்டப்பெற்று, அளந்து ஆராயப்பட்டன. அவற்றைப் பாடியவர்களும் வாசித்தவர்களும் தகவலாளர்களாகக் கருதப்பட்டனரே அன்றி ஆசிரியர்களாக மதிக்கப்படவில்லை. டச்சு அறிஞர் யாப் குன்ஸ்டு 1950இல் ‘இன இசையியல்’ என்னும் பெயரை முன்வைத்தார். 1955இல் அமெரிக்காவில் இன இசையியல் கழகம் நிறுவப்பட்டது. அதனை நிறுவிய நால்வருள் ஒருவரான டேவிட் மெக்கலெஸ்டர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர். நவஹோ பழங்குடியினரின் சடங்கிசை பற்றிய அவருடைய நூல் 1954இல் வெளிவந்திருந்தது.

2. ஈரிசைப் புலமை என்னும் கோட்பாடு

யாப் குன்ஸ்டின் மாணவரான மேண்டில் ஹூட் 1954 முதல் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று ‘ஈரிசைப் புலமை’ என்னும் கருத்தை முன்வைத்தது. இரு மொழிகளில் பேசவல்லாரைப் போல இரு இசைமரபுகளில் இயங்கவல்லவராக ஆய்வாளர் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். தம் செவிக்குப் பழகிய இசையின் இடைவெளிகளையும் தாள அளவுகளையும் கொண்டே பிற இசையைக் கேட்கும் மாணவர், அவ்விசையைத் தாமே பாடியும் வாசித்தும் பழகும்போதுதான் தம் கேள்வியின் குறைகளை உணர முடியும் என அவர் கருதினார்.

இக்கோட்பாட்டிற்கு மறுதலையும் இருந்தது. மானிடவியல் வழிவந்த ஆலன் மெரியம் 1964இல் வெளியிட்ட ‘இசையின் மானிடவியல்’ என்னும் நூலில், இசையை அதன் பண்பாட்டுச் சூழலில் வைத்து ஆராய்வதே துறையின் நோக்கம் என நிறுவினார். கருத்தும் நடத்தையும் ஒலியும் இணைந்த முழுமையே அவருடைய ஆய்வுப் பொருள். இசைப்பயிற்சி அங்கு ஓர் உத்தி மட்டுமே. ஆகவே, செயல்முறைப் பயிற்சியைப் பட்டத்தின் பகுதியாக ஏற்பதா என்பது அக்காலத்தில் விடை காணப்படாத வினாவாகவே இருந்தது.

ஹூட்டின் கோட்பாடு இந்தோனேசிய கமலான் குழுவிசையை முதன்மையாகக் கொண்டு உருவானது. குழுவிசையில் தொடக்கநிலை மாணவரும் எளிய கருவி ஒன்றை ஏற்று உடனே பங்கேற்க இயலும். கருநாடக இசை அத்தகையதன்று. அது தனிக்கலைஞரின் மனோதர்மத்தை மையமாகக் கொண்டது. சரளிவரிசை தொடங்கி அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை எனப் படிப்படியாக ஏறிச் செல்வது. கற்பனைக்கு இடம் கிடைப்பதற்குப் பல்லாண்டுப் பயிற்சி தேவை. இத்தகைய இசையைப் பருவமுறைக் கல்வியில் பொருத்துவது கமலானைப் பொருத்துவதைக் காட்டிலும் கடினமான செயல்.

3. சென்னையிலிருந்து மிடில்டவுன் வரை

ஹூட்டின் மாணவரான இராபர்ட் பிரௌன் சென்னைக்கு வந்து தஞ்சாவூர் இரங்கநாதனிடம் மிருதங்கம் பயின்றார். மிருதங்கம் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 1965இல் நிறைவுற்றது. அதற்கு முன்பே, 1961இல், அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியை ஏற்றிருந்தார். ‘உலக இசை’ என்னும் தொடரைக் கல்வித்துறையில் வழங்கச் செய்தவராக அவர் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்.

பிரௌனின் குரு சாதாரணக் குடும்பத்தினர் அல்லர். வீணை தனம்மாளின் பேரர் இரங்கநாதன் (1925–1987). அவருடைய தமக்கை பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதி (1918–1984). தம்பி புல்லாங்குழற் கலைஞர் த. விசுவநாதன் (1927–2002). இரங்கநாதன் புதுக்கோட்டை மிருதங்க மரபில் தலைசிறந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். விசுவநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பயின்றவர். புல்பிரைட் நல்கையில் 1958 முதல் 1960 வரை ஹூட்டின் நிறுவனத்தில் இருந்துவிட்டு, 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத்துறையின் தலைவராகப் பணியாற்றியவர். பாலசரசுவதி 1962இல் முதன்முதலாக அமெரிக்காவில் ஆடினார். 1963இல் இரங்கநாதன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தங்கிக் கற்பிக்கும் கலைஞராகப் பொறுப்பேற்றார்.

இவ்வாறு ஒரே குடும்பத்தின் மரபு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேர்கொள்ளக் காரணங்கள் சிலவற்றைச் சுட்டலாம்.

முதலாவது, பல்கலைக்கழகத்தின் அறிவுச்சூழல். இசையமைப்பாளர் ரிச்சர்ட் வின்ஸ்லோ அங்கு இசைத்துறையில் புதுமைகளை வரவேற்றவர். சோதனை இசையின் முன்னோடியான ஜான் கேஜ் 1960–61ஆம் ஆண்டில் அங்குத் தங்கியிருந்தார். அவருடைய ‘மௌனம்’ என்னும் நூலை 1961இல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்டது. இசை எது என்னும் வினாவே திறந்து வைக்கப்பட்டிருந்த சூழலில், மிருதங்கத்திற்கு இடம் கேட்பது கடினமாக இருக்கவில்லை.

இரண்டாவது, நாடுகளிடையிலான கல்விப் பரிமாற்றம். புல்பிரைட் சட்டம் 1946இல் இயற்றப்பட்டது. இந்தியாவுடனான உடன்பாடு 1950இல் கையெழுத்தானது. விசுவநாதன் அமெரிக்கா சென்றதும், அமெரிக்க மாணவர்கள் சென்னைக்கு வந்ததும் இவ்வழியில்தான். ஆசிய நாடுகளின் மொழிகளையும் பண்பாடுகளையும் கற்பதற்கு 1958இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும் ஊக்கமளித்தது. பனிப்போர்க் காலத்தின் அரசியல் தேவை, இசைக்கல்விக்கும் பயன்பட்டது.

மூன்றாவது, நிதிவளம். வெஸ்லியன் பல்கலைக்கழகம் தனக்குச் சொந்தமான பள்ளி இதழ்ப் பதிப்பு நிறுவனத்தை 1965இல் ஜெராக்ஸ் நிறுவனத்திற்கு விற்று, அதன் பங்குகளைப் பெற்றது. இதனால் மாணவர் எண்ணிக்கைக்கு மிஞ்சிய செல்வம் அதனிடம் சேர்ந்தது. பட்டமேற்படிப்பை விரிவாக்கவும், பல நாடுகளின் கலைஞர்களை அழைத்து அமர்த்தவும் அது துணைநின்றது. 1973இல் திறக்கப்பட்ட கலை மையத்தில் உலக இசைக்கென்றே ஓர் அரங்கம் அமைந்தது. கோட்பாடு மட்டும் ஒரு துறையை உருவாக்கிவிடாது. அதற்கு ஊதியமும் இடமும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

4. சொற்கட்டு பாடமான முறை

பருவமுறைக் கல்வியில் ஒரு பாடத்திற்கு உரிய காலம் ஏறத்தாழ 14 வாரங்கள். அதற்குள் மிருதங்கத்தில் தெளிவான ஒலியை எழுப்புவதே தொடக்கநிலை மாணவருக்கு அரிது. தொப்பியிலும் வலந்தலையிலும் விரல்கள் பழகுவதற்கு முன்பே பருவம் முடிந்துவிடும். இவ்விடத்தில் சொற்கட்டு கைகொடுத்தது. மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடும் இப்பயிற்சி, தமிழகத்தில் முழவுக் கல்வியின் அடிப்படையாக என்றும் இருந்து வருவது. கருவி இன்றியே கற்கக்கூடியது என்பதால், இதனை வகுப்பு முழுவதற்கும் ஒருங்கே பயிற்றுவிக்க முடிந்தது.

இதன் கல்விப்பயனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 அட்சரங்கள். நான்கு, இரண்டு, இரண்டு என அவை பகுக்கப்படும். சதுசிர நடையில் அட்சரத்திற்கு 4 மாத்திரைகள் வீதம் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரைகளைக் கொள்ளும். மோரா என்பது ஒரு சொற்றொடரை மும்முறை கூறி, இடையிடையே கார்வை விட்டுச் சமத்தில் முடிப்பது. சொற்றொடர் 8 மாத்திரை, இரு கார்வைகளும் தலா 4 மாத்திரை எனில், மும்முறைக்கு 24, கார்வைகளுக்கு 8, ஆக 32 மாத்திரைகளில் ஓர் ஆவர்த்தனம் நிறைவுறும். சொற்றொடரை 6 மாத்திரையாகக் குறைத்தால் கார்வை 7 மாத்திரையாக வேண்டும். மாணவர் இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ஆனால் கை தாளம் தவறாமல் வாய் அதனைச் சொல்லும்போதுதான் அது அவருடையதாகிறது. அறிவும் பயிற்சியும் பிரிக்க இயலாதவை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. மதிப்பீட்டிற்கும் இது உகந்தது. மாணவர் தாளத்தில் நிற்கிறாரா, பிறழ்கிறாரா என்பது கேட்போர் அனைவருக்கும் உடனே விளங்கும்.

இரங்கநாதனிடம் பயின்றவர்களுள் டேவிட் நெல்சன் இம்முறையை எழுத்தில் வகுத்தவர். தனி ஆவர்த்தனம் பற்றிய அவருடைய வெஸ்லியன் ஆய்வேடு 1991இல் நிறைவடைந்தது. அவருடைய சொற்கட்டுக் கையேட்டை 2008இல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. குருவின் வாய்மொழியாக வந்த பயிற்சி, பாடநூலாக வடிவம் பெறுவதற்கு ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆயின.

குரலிசையிலும் குழலிசையிலும் இத்தகைய குறுக்கம் எளிதன்று. கமகம் செவியால் மட்டுமே கற்கத்தக்கது. குரு பாட, மாணவர் திரும்பப் பாடும் முறையே அங்கும் பின்பற்றப்பட்டது. எனினும் ஒலிப்பதிவுக் கருவி குருவின் இடத்தைப் பகுதியளவு நிரப்பியது. வாரம் ஓரிரு முறை மட்டுமே ஆசிரியரைச் சந்திக்கும் மாணவர், எஞ்சிய நாள்களில் பதிவை மீண்டும் மீண்டும் கேட்டுப் பழகினார். குருவுடன் வாழ்ந்து, அவருடைய பயிற்சியையும் கச்சேரியையும் அன்றாடம் கேட்டு வளரும் ‘கேள்வி ஞானம்’ இதனால் முழுமையாகக் கிட்டாது. இவ்விழப்பை ஈடுசெய்யவே தமிழகத்தில் தங்கிப் பயிலும் காலம் ஆய்வுப் படிப்பில் இன்றியமையாததாயிற்று.

5. மாணவர் பாகவதரானது: ஜான் ஹிக்கின்ஸ்

இக்கல்விமுறையின் புகழ்பெற்ற விளைவு ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984). மாசசூசெட்சு மாநிலத்தில் பிறந்த அவர், தம் மூன்று பட்டங்களையும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலேயே பெற்றார்: 1962இல் இளங்கலை, 1964இல் முதுகலை, 1973இல் முனைவர் பட்டம். பிரௌனும் இரங்கநாதனும் அளித்த அறிமுகத்தால் கருநாடக இசையில் ஈடுபட்ட அவர், புல்பிரைட் நல்கை பெற்றுச் சென்னைக்கு வந்து விசுவநாதனிடம் குரலிசை பயின்றார். 1965இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் பாடி, கேட்டோரின் பாராட்டைப் பெற்றார். ‘பாகவதர்’ என்னும் அடைமொழி அவருடைய பெயருடன் நிலைத்தது.

ஹிக்கின்சின் முனைவர் பட்ட ஆய்வேடு பரதநாட்டியத்தின் இசை பற்றியது. பாலசரசுவதியின் கலையுடன் கொண்ட நெருக்கம் அவ்வாய்வுக்கு அடித்தளம். நாட்டியத்திற்குப் பாடும் பாடகர், ஆடுபவரின் அபிநயத்திற்கேற்ப ஒரே அடியைப் பலவாறு விரித்துப் பாடவேண்டும். அதற்கு மொழியறிவும் பொருளுணர்ச்சியும் வேண்டும். தெலுங்கு, தமிழ், கன்னடம், சமற்கிருதம் ஆகிய மொழிகளின் பாடல்களைத் தெளிந்த உச்சரிப்புடன் பாடியமையே அவருக்குத் தமிழக அவைகளில் மதிப்பைத் தேடித் தந்தது. ஈரிசைப் புலமை இயலுமா என்னும் கோட்பாட்டு வினாவுக்கு, ஏட்டில் எழுதப்பட்ட விடைகளைவிட அவருடைய கச்சேரிகளே வலுவான விடையாக அமைந்தன.

1971இல் கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஹிக்கின்சும் மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரனும் இந்திய இசைக்கான பாடத்திட்டத்தைத் தொடங்கினர். சங்கரனும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். ஆகவே, வட அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களில் ஒரே புதுக்கோட்டை மரபின் முழவுக்கல்வி வேரூன்றியது. 1978இல் ஹிக்கின்ஸ் வெஸ்லியனுக்குத் திரும்பிப் பேராசிரியராகவும் கலை மைய இயக்குநராகவும் பொறுப்பேற்றார். 1984 டிசம்பர் 7ஆம் நாள் சாலையில் வாகனம் மோதி அவர் மறைந்தார். பாலசரசுவதியும் அதே ஆண்டில்தான் மறைந்திருந்தார்.

6. ஆசிரியர்கள் ஆய்வு மாணவர்களானது

வெஸ்லியன் வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஆய்வேடுகளின் கால வரிசையில் புலனாகிறது. ஹிக்கின்ஸ் முனைவர் பட்டம் பெற்றது 1973இல். அவருடைய குருவான விசுவநாதன், இராக ஆலாபனை பற்றிய ஆய்வேட்டிற்காக அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1975இல். மாணவர் முந்த, குரு இரண்டாண்டுகள் கழித்துப் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத் துறைத்தலைமையை வகித்தவர், கச்சேரி மேடையில் முதிர்ந்த புகழுடையவர், தம் கலையைப் பற்றிய ஆய்வேட்டை எழுதித் தம் தகுதியை மற்றொரு வகையில் நிறுவினார்.

இவ்வரிசையில் பிறரும் உளர். வயலின் கலைஞர் எல். சங்கர் குரலிசைக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை பற்றி ஆய்வேடு அளித்தார். காரைக்குடி வீணை மரபைச் சேர்ந்த சுப்பிரமணியன் 1985இல் வீணை மரபும் தனிநடையும் பற்றிய ஆய்வேட்டை நிறைவு செய்தார். பின்னர்ச் சென்னையில் 1989இல் ‘பிருகத்துவனி’ என்னும் இசைக்கல்வி, ஆய்வு மையத்தை நிறுவினார். அயலகத்தில் பெற்ற ஆய்வுப் பயிற்சி தமிழகத்தின் இசைக்கல்விக்குத் திரும்பி வந்ததற்கு அம்மையம் எடுத்துக்காட்டாகும்.

இவ்வாய்வேடுகளை இருவகையாக மதிப்பிடலாம். கலைஞர் தம் கலையைப் பற்றித் தாமே எழுதும் வாய்ப்பு இவற்றால் உருவாயிற்று. முற்காலத்தில் தகவலாளராக மட்டும் வைக்கப்பட்டவர், இப்போது ஆய்வாளராகப் பெயர் பெற்றார். ஆலாபனையில் ஒரு சொற்றொடரை எப்போது எடுப்பது, எப்போது விடுப்பது என்பதைப் பாடுபவரின் உள்ளிருந்து விளக்கும் எழுத்து, புறத்திருந்து எழுதுபவரால் இயலாதது. இது ஆக்கம். மறுபுறம், கையிலும் குரலிலும் உள்ள அறிவு, ஆங்கில எழுத்தாக மாறிய பின்னரே முழுத்தகுதியுடைய அறிவாக ஏற்கப்பட்டது. பட்டப்படிப்பிற்குள் வாசிப்பு நுழைந்தது. பட்டத்தின் உச்சியில் எழுத்தே நின்றது. இது வெஸ்லியனுக்கு மட்டும் உரிய குறையன்று. முனைவர் பட்டம் என்னும் அமைப்பின் இயல்பே அதுவாகும்.

7. சிலப்பதிகார இசையாய்வும் தமிழ்ப் பதங்களும்

தமிழாய்வுக்கு இவ்வரலாற்றில் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இசையறிஞர் எஸ். இராமநாதன் (1917–1988), வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தும் ஆய்ந்தும் 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் சிலப்பதிகாரத்தின் இசை. அவ்வாய்வேடு 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது.

சிலப்பதிகார இசை பற்றிய ஆராய்ச்சி அதற்கு முன்பே தமிழில் வளர்ந்திருந்தது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இலும், விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இலும் வெளிவந்தவை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் இடைவெளிகள், செம்பாலை முதலிய ஏழு பாலைகளின் பிறப்பு, அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் தரும் செய்திகள், அரும்பதவுரைகாரரும் அடியார்க்குநல்லாரும் கூறும் விளக்கங்கள் ஆகியவை அவ்வாராய்ச்சியின் அடிப்படைகள். இராமநாதனின் தனிச்சிறப்பு, அவர் பாடகராகவும் வீணை வல்லுநராகவும் இருந்து அந்நூற்பகுதிகளை அணுகியமை. உரையில் உள்ள இலக்கணத்தைக் குரலில் பாடிக்காட்டிப் பொருள்கொள்ளும் திறம் அவருக்கு வாய்த்திருந்தது. பண்டைத் தமிழிசையின் நூற்சான்றும் வாழும் இசைமரபின் செயல்முறையும் ஒருவரிடத்தே இணைந்தபோது கிட்டிய பயன் அது.

மற்றொரு தொடர்பு பதங்களைப் பற்றியது. தனம்மாள் குடும்பம் பதங்களின் கருவூலமாக விளங்கியது. சேத்திரக்ஞரின் தெலுங்குப் பதங்களுடன் முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ண ஐயர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராம ஐயர் போன்றோரின் தமிழ்ப் பதங்களும் அக்குடும்பத்தில் வாய்மொழியாகப் போற்றப்பட்டன. விசுவநாதனின் மாணவரான மேத்யூ ஆலன் தமிழ்ப் பதத்தையே பொருளாகக் கொண்டு 1992இல் வெஸ்லியனில் முனைவர் பட்ட ஆய்வேட்டை நிறைவு செய்தார். ஆசிரியரும் மாணவரும் இணைந்து எழுதிய தென்னிந்திய இசை பற்றிய நூல் 2004இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. விசுவநாதன் அதற்கு ஈராண்டு முன்பே மறைந்துவிட்டார். தமிழ்ப் பதம் என்னும் வகைமை பற்றிய விரிவான ஆய்வு ஒன்று அமெரிக்க மாணவரால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பது தமிழகத்தின் தமிழ்த்துறைகளும் இசைத்துறைகளும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். இயற்றமிழைத் தமிழ்த்துறையும் இசையை இசைத்துறையும் தனித்தனியே பங்கிட்டுக்கொண்ட அமைப்பில், இரண்டிற்கும் பொதுவான பதம் எளிதில் இடையில் நழுவிவிடுகிறது.

8. எஞ்சிய சிக்கல்கள்

இம்முயற்சியின் பயன்களோடு அதன் வரம்புகளையும் கருதுதல் வேண்டும்.

ஒன்று, பிரதிநிதித்துவம். ஓர் அயலகப் பல்கலைக்கழகம் ஒரு மரபை அறிவது அங்குச் செல்லும் ஒரு சில கலைஞர்களின் வழியாகவே. வெஸ்லியன் மாணவர்க்குக் கருநாடக இசை என்பது பெரிதும் தனம்மாள் குடும்பத்தின் பாணியாகவே அறிமுகமாயிற்று. சௌக்க காலமும் பதத்தின் நெகிழ்வும் போற்றும் அப்பாணி மிக உயர்ந்தது. ஆயினும் அது பல பாணிகளுள் ஒன்று. நாகசுரமும் தவிலும், ஓதுவார் மரபும் அதே அளவில் அங்குக் கற்பிக்கப்பட்டிருப்பின் மாணவர் பெற்ற இசைப்படம் வேறாக இருந்திருக்கும்.

இரண்டு, பதவி நிலை. கற்பிக்கும் கலைஞர் என்னும் பதவியும் பேராசிரியர் என்னும் பதவியும் ஒரே மதிப்புடையன அல்ல. ஆய்வேடு எழுதாத கலைஞர், எத்துணைப் பெரியவராயினும் துறையின் கொள்கை முடிவுகளில் பங்கு கொள்வது அரிது.

மூன்று, நிலைபேறு. ஆள்வழி வரும் கல்வி ஆளோடு மறையும் இடருக்கு உட்பட்டது. 1980களில் பாலசரசுவதி, ஹிக்கின்ஸ், இரங்கநாதன் ஆகிய மூவரையும் சில ஆண்டுகளுக்குள் இழந்தபோது இவ்விடர் வெளிப்பட்டது. விசுவநாதனின் தொடர்ந்த பணியும், பின்னர் அவருடைய மாணவர்களும் பிற கலைஞர்களும் பொறுப்பேற்றமையும் அக்கல்வியைக் காத்தன. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் நவராத்திரி விழாவும் வகுப்பறைக்கு வெளியே கேள்வி ஞானத்தை வளர்க்கும் களமாக நிலைபெற்றது.

முடிவுரை

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மூன்று முடிபுகளைத் தருகிறது.

முதலாவதாக, மேலையிசையில் பாடுதலும் வாசித்தலும் ஆய்வுப் பட்டத்திற்குப் புறம்பாக வைக்கப்பட்டிருந்த காலத்தில், அயலிசையைக் கற்கும் தேவையே செயல்முறைப் பயிற்சியைப் பட்டப்படிப்பிற்குள் கொண்டுவந்தது. சொற்கட்டு அதற்கு ஏற்ற வாயிலாக அமைந்தது.

இரண்டாவதாக, அப்பயிற்சிக்கு இடமளித்த அமைப்பு, இறுதித் தகுதியை எழுத்திற்கே அளித்தது. அதனால் தமிழகக் கலைஞர்கள் தம் கலையைப் பற்றித் தாமே எழுதும் உரிமையைப் பெற்றனர். அதே வேளையில், எழுதினால் அன்றி அவ்வுரிமை நிலைக்காது என்னும் நிலைக்கும் ஆளாயினர். குருவுக்கு முன்பே மாணவர் முனைவரான நிகழ்வு இவ்விரு நிலையையும் ஒருங்கே காட்டுகிறது.

மூன்றாவதாக, சிலப்பதிகார இசை, தமிழ்ப் பதம் ஆகியவை பற்றிய ஆய்வுகள் காட்டுவதுபோல, நூற்புலமையும் இசைப்பயிற்சியும் இணையும் இடத்திலேயே தமிழிசை ஆய்வு முன்னேறுகிறது. அவ்விணைப்பு அயலகப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயன்றது எனில், தமிழகப் பல்கலைக்கழகங்களிலும் இயலும். தமிழ் முதுகலை மாணவர் ஒரு பருவமேனும் பண்ணையும் தாளத்தையும் பாடிப் பயிலவும், இசை மாணவர் அரங்கேற்று காதையை உரையுடன் பாடங்கேட்கவும் வாய்ப்பளிக்கும் பாடத்திட்டம் அதற்குத் தொடக்கமாக அமையும். மிடில்டவுனில் இரங்கநாதனின் வகுப்பு தொடங்கியதும் கையால் தாளமிட்டு வாயால் சொற்கட்டுச் சொல்லும் அத்தகைய எளிய பயிற்சியில்தான்.